சின்ன ஊரில் மாலை நேரத்துக்கு ஓர் இடம்: வாலிபால் களமும் திண்ணைக் கொட்டகையும் அமைக்கும் முறை

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஜேசிபி வந்து முள்ளைத் தள்ளும். காணும் பொங்கலன்று கோப்பை கொடுப்பார்கள். சித்திரை பிறப்பதற்குள் அதே இடத்தில் ஆடு மேயும். பல பேரூராட்சிகளில் விளையாட்டு மைதானத்தின் ஆயுள் இவ்வளவுதான். விசாரித்துப் பார்த்தால் மூன்றில் ஒரு காரணம் இருக்கும்: மழைக்குப் பிறகு தண்ணீர் வற்றவில்லை, இருட்டினால் விளக்கில்லை, சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே தீர்த்துவிட்டால் 20 சென்ட் இடத்தில் ஒரு வாலிபால் களம், மூன்று பக்கமும் திறந்த கொட்டகை, பெரியவர்கள் நடக்க ஒரு பாதை, இரண்டு கழிப்பறை எல்லாம் அடங்கும். கிரிக்கெட்டுக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். வாலிபாலுக்கு 9 சென்ட் போதும், பன்னிரண்டு பேர் ஆடலாம், ஐம்பது பேர் உட்கார்ந்து பார்க்கலாம். சின்ன ஊருக்கு வாலிபாலைச் சொல்வது அதனால்தான்.

முதலில் நிலத்தின் ஜாதகம்

காலி இடம் கண்ணில் பட்டதும் மண்வெட்டியோடு இறங்க வேண்டாம். அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து ‘அ’ பதிவேட்டு (நிலத்தின் வகையை எழுதி வைத்திருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகலையும் புல வரைபடத்தையும் எடுங்கள். இரண்டையும் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். நிலம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஏரி, குளம், ஊருணி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் இருபது வருடமாக வறண்டு கிடந்தாலும் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டிய எதையும் நீதிமன்ற உத்தரவு வந்தால் இடித்தே ஆக வேண்டும். உத்தரவு வராவிட்டாலும் ஒரு கார்த்திகை மாத அடைமழை அந்த வேலையைச் செய்துவிடும். மேய்க்கால், மந்தைவெளி என்றால் வகைப்பாட்டை மாற்ற வருவாய்த் துறைக்குப் போக வேண்டும், அது நெடுங்கதை. கோயில் நிலத்துக்கு அறநிலையத் துறையின் அனுமதி வேண்டும்.

பலர் கவனிக்காத ஒரு வழி உண்டு. உங்கள் ஊரைச் சுற்றிப் போட்ட மனைப்பிரிவுகளைப் பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்ட வழியுண்டு. அதற்கு மேல் போனால் நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுத்த ‘பூங்கா’ இடங்கள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன, இல்லையென்றால் பக்கத்து மனைக்காரரின் மாட்டுக்கொட்டகையாக மாறியிருக்கின்றன. பேரூராட்சி அலுவலகத்தில் மனைப்பிரிவு வரைபடத்தைக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வகை மாற்றம், தடையின்மைச் சான்று என்று அலைய வேண்டியதில்லை. நிலம் ஏற்கெனவே பேரூராட்சியுடையது, நோக்கமும் விளையாட்டுதான்.

இடம் முடிவானதும் சர்வேயரை வைத்து அளந்து கல் நடச் சொல்லுங்கள். வேலி போட்ட பிறகு பக்கத்துக்காரர் வந்து ‘நாலடி உள்ளே வந்துட்டீங்க’ என்று சொல்வதுதான் இத்தகைய வேலைகளில் வழக்கமாக வரும் முதல் சண்டை.

பிறகு வார்டு உறுப்பினர் வழியாகச் செயல் அலுவலருக்கு மனு கொடுத்து மன்றத் தீர்மானம் வாங்குங்கள். தீர்மான எண், தேதியோடு நகல் கையில் வரும்வரை ஒரு லோடு மண்கூட இறக்காதீர்கள். தலைவர் வாய்மொழியாகச் சொன்ன ‘பண்ணுங்கப்பா’ அடுத்த தேர்தலோடு காலாவதியாகிவிடும். களம், கொட்டகை எல்லாம் பேரூராட்சியின் சொத்தாகவே இருக்கட்டும். பராமரிக்கும் பொறுப்பை மட்டும் உங்கள் சங்கத்துக்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொத்து யாருடையது என்ற தகராறே வராது, மின்கட்டணத்தைப் பேரூராட்சி ஏற்பதற்கும் வழி பிறக்கும்.

சங்கமும் பணமும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் 7 பேர் இருந்தால் பதிவு செய்யலாம். பெயரில் சாதி, கட்சி, நடிகர் மூன்றும் வேண்டாம். இந்த மூன்றில் எதை வைத்தாலும் ஊரில் பாதிப் பேர் வாசலோடு நின்றுவிடுவார்கள். ‘மனமகிழ் மன்றம்’ என்றும் வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைப் பார்த்ததும் உள்ளே பார் இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள், பெண்கள் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார்கள். ஊர்ப் பெயரோடு ‘விளையாட்டுத் திடல் பராமரிப்புச் சங்கம்’ என்று சேர்த்தால் போதும். நிர்வாகக் குழுவில் இரண்டு பெண்களும், ஆடுகிற வயதுப் பையன்கள் இரண்டு பேரும் கட்டாயம் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. மாதம் முதல் தேதி வரவு செலவை ஒரு தாளில் எழுதிக் கொட்டகையில் ஒட்டிவிடுங்கள். ஒட்டாத மாதத்திலிருந்துதான் வதந்தி தொடங்கும்.

பணத்துக்கு இரண்டு வழி நடைமுறைக்கு ஒத்துவரும். ஒன்று ‘நமக்கு நாமே’ திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். இன்னொன்று சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி. எதுவானாலும் பேரூராட்சிப் பொறியாளர் போடும் மதிப்பீடுதான் அடிப்படை. அவர் உட்கார்ந்து மதிப்பீடு போடும் நாளிலேயே கீழே சொல்லும் அளவுகளோடு போய் நில்லுங்கள். இல்லாவிட்டால் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி போடும் பேவர் பிளாக் தரையும் இரும்புத் தோரண வாயிலும்தான் மதிப்பீட்டில் வரும். பேவர் பிளாக்கில் வாலிபால் ஆடினால் முழங்கால் போய்விடும்.

மக்கள் பங்கைத் தலைக்கட்டு வரி போல் வீட்டுக்கு இவ்வளவு என்று போடுவது நல்லது. பெரிய மனிதர் ஒருவரே முழுத் தொகையும் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் வலை கிழிந்தாலும் அவர்தான் வாங்கித் தரவேண்டும் என்று ஊர் கைகட்டி நிற்கும்.

களத்தை எந்தத் திசையில் போடுவது

நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் மாலை ஐந்து மணிக்கு ஓர் அணி முழுவதும் சூரியனைப் பார்த்து ஆடும். நிலத்தின் அமைப்பால் முடியாவிட்டால் கொஞ்சம் சாயலாம், 20 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் வெற்றிடம். ஆக 24 மீட்டருக்கு 15 மீட்டர், அடிக்கணக்கில் 79-க்கு 49. மேலே 7 மீட்டர் உயரத்துக்குக் கிளையோ கம்பியோ குறுக்கிடக் கூடாது. மின்கம்பி போகும் பாதைக்கு அடியில் களம் போடுவதை எந்தக் காரணத்துக்கும் ஏற்காதீர்கள்.

மண் வேலை

இதற்குச் சரியான காலம் தை, மாசி. மண்ணில் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும், உருட்ட வசதி. ஐப்பசி மழைக்குள் மண் நன்றாக உட்கார்ந்துவிடும். புரட்டாசியில் தொடங்கினால் போட்ட மண் பாதி வாய்க்காலுக்குப் போகும்.

சீமைக்கருவேலத்தை ஜேசிபியால் மேலோடு தள்ளிவிட்டுப் போகக் கூடாது. அடித்தண்டில் ஒரு துண்டு மண்ணுக்குள் இருந்தாலும் அடுத்த மழையில் தளிர்க்கும், மூன்றே மாதத்தில் களத்தின் நடுவில் முள் குத்தும். ஓரடி ஆழத்துக்குக் கீழே தோண்டி வேர்க்கட்டையோடு எடுங்கள். பிறகு மேல்மண்ணை அரையடி வழித்து எறிந்துவிட்டு அடித்தளத்தை ரோலரால் இறுக்குங்கள்.

அதன்மேல் 4 அங்குலம் கிராவல், அதற்கு மேல் 3 அங்குலம் சலித்த செம்மண். இவை இறுகிய பிறகு இருக்க வேண்டிய கனம். உதிரியாக வரும் மண் இறுகும்போது குறையும் என்பதால் கால்பங்கு கூடுதலாக வாங்க வேண்டும். 24-க்கு 15 மீட்டர் பரப்புக்குக் கணக்குப் போட்டால் கிராவல் 16 யூனிட், செம்மண் 12 யூனிட் வரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் பத்து நடை. இதற்கு மேல் மூன்று யூனிட் செம்மண் கூடுதலாக வாங்கி ஓரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். முதல் மழைக்குப் பிறகு அது தேவைப்படும். நடைச்சீட்டு (மண் ஏற்றிச் செல்ல அரசு தரும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் வரும் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். பிடிபட்டால் வண்டிக்காரரோடு உங்கள் சங்கத்தின் பெயரும் சேர்ந்து அடிபடும்.

கரிசல் பூமியில் கிராவலை 6 அங்குலமாக்குங்கள். கோடையில் கரிசல் வெடிக்கும், கனம் குறைவாக இருந்தால் அந்த வெடிப்பு மேலே வரைக்கும் தெரியும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டுபவர்களும் உண்டு. வண்டல் வயலுக்கு அமிர்தம், களத்துக்கு விஷம். நனைந்தால் காலில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் புழுதியாய்ப் பறக்கும்.

செம்மண் சரியா என்று பார்க்க ஒரு சோதனை. கொஞ்சம் நனைத்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கட்டாந்தரையில் போடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் நல்ல மண். உடையாமல் அப்பமாக நசுங்கினால் களி அதிகம், நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எம்-சாண்ட் கலக்கலாம். பொடிப்பொடியாகச் சிதறினால் மணல் அதிகம், வேறு லோடு கேளுங்கள்.

அடுத்தது வாட்டம். களம் தட்டையாக இருந்தால் தண்ணீர் நிற்கும். மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவு போதும், வாலிபால் விதியும் வெளிக்களத்துக்கு அவ்வளவைத்தான் அனுமதிக்கிறது. எந்தப் பக்கம் சரிப்பது என்பதில்தான் கொத்தனார்கள் தவறுவார்கள். பழக்கத்தில் ஒரு பக்கவாட்டிலிருந்து மறு பக்கவாட்டுக்குச் சரித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 9 மீட்டர் அகலத்தில் நான்கரை சென்டிமீட்டர் இறக்கம் வரும். வலை மட்டமாகத்தான் இருக்கும், தரை இறங்கிப் போயிருக்கும். ஒரு பக்கக் கோட்டில் உயரம் சரியாக இருந்தால் மறுபக்கத்தில் நான்கரை சென்டிமீட்டர் தப்பும், விதி பொறுப்பது 2 சென்டிமீட்டர் வரைதான். அதனால் வலைக்கோட்டை உச்சியாக வைத்து இரண்டு பின்புறங்களையும் நோக்கிச் சரியுங்கள். 12 மீட்டர் தூரத்துக்கு 6 சென்டிமீட்டர் இறக்கம். வலைக்கு அடியில் தரை மட்டமாகவே இருக்கும். சரிவு முடியும் இரண்டு பின்புறங்களிலும் ஓரடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்துத் தெருக் கால்வாயோடு சேருங்கள். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து முளை அடித்து, நூல் கட்டிப் பார்த்துத்தான் மண் பரப்ப வேண்டும். கண்மதிப்பு இதில் உதவாது.

செம்மண்ணை ஒரே தடவையாகக் கொட்டி உருட்டினால் மேலே ஓடு போல் இறுகும், உள்ளே பொதபொதவென்று இருக்கும். ஒன்றரை அங்குலமாக இரண்டு தடவை பரப்புங்கள். மாலையில் தண்ணீர் தெளித்து மறுநாள் காலையில் உருட்டுங்கள். ரோலரில் மண் ஒட்டினால் ஈரம் அதிகம், ஒரு மணி நேரம் பொறுங்கள். புழுதி எழும்பினால் ஈரம் போதவில்லை. கிராவலுக்கு வாடகை ரோலர் வேண்டும். செம்மண்ணுக்கும் பிந்தைய பராமரிப்புக்கும் கை ரோலர் சொந்தமாகவே இருக்கட்டும். ஒன்றரை அடி விட்டம், மூன்றடி நீளமுள்ள ஹியூம் பைப்பின் (சிமென்ட் குழாய்) நடுவே இரும்பு அச்சை நிறுத்திக் கான்கிரீட் நிரப்பினால் 350 கிலோவுக்கு மேல் வரும். நான்கு பேர் இழுக்கலாம், திருடவும் முடியாது.

கம்பமும் வலையும்

கம்பம் தரைக்கு மேல் 2.55 மீட்டர், அதாவது எட்டடி நாலரை அங்குலம். சிக்கனம் பார்த்து ஒரு 20 அடி குழாயை இரண்டாக வெட்டி நடுவது ஊர்ப்பழக்கம். அப்படி வெட்டினால் மண்ணுக்குள் ஒன்றரை அடிதான் இருக்கும். வலையை முறுக்கிக் கட்டக் கட்டக் கம்பம் உள்பக்கமாகச் சாயும், சாய்ந்த கம்பத்தில் வலை நடுவில் தொங்கும். மூன்றங்குல பி-கிளாஸ் ஜிஐ குழாய் இரண்டு வாங்கிப் பதினொன்றேகால் அடியாக வெட்டுங்கள். மீதத் துண்டுகள் கொட்டகைக் கால்களுக்கு ஆகும்.

பக்கக் கோட்டிலிருந்து கம்பம் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி இருக்கலாம். ஒரு மீட்டரே வையுங்கள், ஆடுபவர் மோத மாட்டார். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் மூன்றடி. அடியில் நான்கு விரற்கடை ஜல்லி போட்டு, அதன்மேல் நாலங்குலக் குழாய் ஒன்றை உறையாக நிறுத்தி, முக்கால் அங்குல ஜல்லியோடு ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு (சிமென்ட், மணல், ஜல்லி) கலவை ஊற்றுங்கள். இரண்டு குழிக்கும் சேர்த்து 5 மூட்டை சிமென்ட் போதும். பத்து நாள் நீராற்றிய பிறகே வலை கட்ட வேண்டும். உறைக்குள் கம்பத்தை இறக்கி மரக்கட்டை ஆப்பு அடித்தால் ஆடாது. திருவிழாவுக்கோ கூட்டத்துக்கோ கம்பத்தைக் கழற்றி உறையை மூடிவிடலாம். அடியிலுள்ள ஜல்லியைத் தவிர்த்தால் உறைக்குள் மழைநீர் தங்கி, மூன்றாம் வருடம் கம்பத்தின் அடி துருப்பிடித்து ஒடியும். கம்பத்தை இழுத்துப் பிடிக்கத் தரையில் முளை அடித்துக் கம்பி கட்டுவதை விதி தடுக்கிறது. விதி இருக்கட்டும், இருட்டில் ஓடி வருபவரின் காலை அந்தக் கம்பிதான் வாரும்.

வலை ஒரு மீட்டர் அகலம், 9.5 முதல் 10 மீட்டர் நீளம், கண் 10 சென்டிமீட்டர். மேல் விளிம்பின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். கம்பத்தில் இரண்டு உயரத்திலும் கொக்கி வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், சிறுவர்களுக்கு 2 மீட்டரில் இன்னொன்று. ஒரே கொக்கி என்றால் பெண்கள் ஆட வரும்போது வலையை இறக்கித் தர ஆளிருக்காது. மேல் கயிறு நைலானாக இருந்தால் வெயிலில் தளர்ந்து தொய்யும், எஃகுக் கம்பியும் அதை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளும் போடுங்கள். உயரத்தை எப்போதும் நடுவில் அளக்க வேண்டும்.

கோடு போடும்போது மூலைவிட்டத்தைச் சரிபாருங்கள். அரைக் களத்தின் மூலைவிட்டம் 12.73 மீட்டர், முழுக் களத்தின் மூலைவிட்டம் 20.12 மீட்டர். இந்த இரண்டாவது அளவு நிலம் அளக்கும் பழைய 66 அடிச் சங்கிலியின் நீளமேதான், சர்வேயர் வீட்டில் அது தொங்கினால் இரவல் வாங்கலாம். கோடு 5 சென்டிமீட்டர் அகலம், அது 9-க்கும் 18-க்கும் உள்ளேயே அடங்க வேண்டும். தாக்குதல் கோட்டின் பின்விளிம்பு நடுக்கோட்டின் மையத்திலிருந்து 3 மீட்டர். நீர்த்த சுண்ணாம்புத் தூளோ கோலமாவோ பயன்படுத்துங்கள். நீர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பை யாரும் தூவ விடாதீர்கள், வியர்த்த உடம்பிலும் கண்ணிலும் பட்டால் பொத்துப்போகும். தினமும் கோடு போட ஆளில்லை என்றால் 2 அங்குல வெள்ளை நைலான் நாடாவை ‘ப’ வடிவ ஆணியால் அடிக்கலாம். ஆணித் தலை எழும்பியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை காலால் தடவிப் பாருங்கள்.

பந்தின் எடை 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர். காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரைதான். பஞ்சர் கடையில் கொடுத்தால் சைக்கிள் டயர் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். பந்து கல்லாகிவிடும், விரல் பிசகும், தையலும் பிரியும். கைப்பம்பும் ஊசியும் கொட்டகையிலேயே இருக்கட்டும். ஊசியை நனைத்துச் செருகினால் வால்வு கிழியாது.

விளக்கு

நான்கு கம்பம், கம்பத்துக்கு 200 வாட் எல்இடி இரண்டு. கம்பம் 30 அடி, அதில் 5 அடி மண்ணுக்குள். பின்கோட்டுக்குப் பின்னால் வைக்கக் கூடாது, சர்வீஸ் எடுப்பவர் கண்ணில் அடிக்கும். வலைக்கு நேரேயும் வேண்டாம், பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் அண்ணாந்து பார்க்கும்போது கூசும். வலையிலிருந்து 6 மீட்டர் தள்ளி, பக்க வெற்றிடத்துக்கு வெளியே, பக்கத்துக்கு இரண்டாக நிறுத்துங்கள். எல்லா விளக்கும் மூன்று மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 4.8 யூனிட், மாதம் சுமார் 145 யூனிட் ஆகும். இந்தக் கணக்கை மனுவோடு இணைத்துக் கொடுத்தால், தெருவிளக்குச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து மன்றத்தில் முடிவெடுக்க எளிது.

கேபிளைக் கம்பத்துக்குக் கம்பம் அந்தரத்தில் இழுக்காமல் ஆர்மர்டு (இரும்புக் கவசமுள்ள) கேபிளாக இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த் கட்டாயம். மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். ஈரமான களம், வெறுங்கால், இரும்புக் கம்பம் மூன்றும் சேரும் இடம் இது. ஆர்சிசிபியில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, இணைப்பு துண்டிக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சை இரண்டாகப் பிரியுங்கள்: நடப்பவர்களுக்கு இரண்டு விளக்கு, ஆட்டத்துக்கு எட்டும். ஒன்பது மணிக்குத் தானே அணையும் டைமரை வைத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு இல்லை. ‘இன்னும் ஒரு செட்தான் அண்ணே’ என்று கேட்கவும் ஆளிருக்காது.

கொட்டகை

20-க்கு 15 அடி. ஒரு பக்கம் மட்டும் சுவர், மற்ற மூன்று பக்கமும் ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி அகலத்தில் திண்ணை. கதவு, ஜன்னல், ஷட்டர் எதுவும் வேண்டாம். நான்கு சுவர் எழுப்பிய ‘சமுதாய அறை’ எதையாவது திறந்து பாருங்கள். தேர்தல் சாமான், உடைந்த குப்பை வண்டி, மருந்தடிக்கும் இயந்திரம் என்று கிடங்காகியிருக்கும். மூடிய அறையில் சீட்டும் பாட்டிலும் வரும். தெருவில் போகிறவர் பார்வை உள்ளே விழும் கொட்டகையில் வராது. கூரை தாழ்ந்த பக்கம் பத்தடி, கால்வனைஸ் தகடு, மூன்றடி இறவாணம். வடகிழக்குப் பருவமழை சாரலோடு அடிக்கும் என்பதால் இருக்கும் ஒரே சுவரை வடகிழக்குப் பக்கம் எழுப்புங்கள். அந்தச் சுவரில் கரும்பலகை, அதன் கீழே பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி: வலை, பந்து, பம்பு, முதலுதவிப் பொருள், கேரம் காய்.

கேரம் பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். அதற்கு மேலே மூன்றடி உயரத்தில் 12 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் காயின் நிழல் ஏமாற்றும். ஆடி முடிந்ததும் பலகையைச் சுவரோடு செங்குத்தாக நிறுத்த வேண்டும், படுக்கப்போட்டால் மழைக்காலத்தில் ஒட்டுப்பலகை நெளியும். நாளிதழுக்குச் சாய்வு மேசை ஒன்று, தாளை நடுவில் பிடிக்க ஒரு இரும்புப் பட்டை. இல்லாவிட்டால் ராசிபலன் பக்கமும் விளையாட்டுப் பக்கமும் எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடும்.

களத்தைச் சுற்றி ஐந்தடி அகலத்தில் நடைபாதை. 20 சென்ட் இடத்தின் ஓரத்தில் போட்டால் ஒரு சுற்று ஏறத்தாழ 108 மீட்டர், ஒன்பது சுற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறையும். இதற்கும் பேவர் பிளாக் வேண்டாம், இறுக்கிய கிராவலே காலுக்கு நல்லது. மேற்குப் பக்கம் வேம்பும் புங்கையும் வையுங்கள், களத்திலிருந்து 15 அடிக்கு உள்ளே வேண்டாம். தென்னை, முருங்கை, ஆல், அரசு தவிர்க்க வேண்டியவை. பின்கோட்டுக்குப் பின்னால் சாலை இருந்தால் பத்தடி உயரத்துக்கு நைலான் வலையாவது கட்டுங்கள், பந்தின் பின்னால் ஓடும் பையன் வண்டியைப் பார்க்கமாட்டான்.

கழிப்பறை இரண்டு: பெண்களுடையது வாசலுக்கு அருகில், விளக்கு வெளிச்சம் படும் இடத்தில். மூலையில் ஒதுக்கினால் யாரும் போகமாட்டார்கள். சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, யார் தருவது என்பதை மன்றத் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். இது முடிவாகாமல் கழிப்பறை கட்டினால் இரண்டாம் மாதமே பூட்டுத் தொங்கும்.

சாவி, நேரம், முறை

பெட்டிச் சாவி மூன்று. ஒன்று எதிரே இருக்கும் டீக்கடையில், ஒன்று ஆடும் பையன்களில் ஒருவரிடம், ஒன்று காலையில் நடக்க வரும் பெண்களில் ஒருவரிடம். தலைவர் வீட்டில் மட்டும் இருந்தால், அவர் திருப்பதி போன அன்று களமும் விடுமுறை.

நேரத்தைக் கரும்பலகையில் நிலையாக எழுதிவிடுங்கள். காலை 5.30 முதல் 7.30 வரை நடப்பவர்கள். மாலை 4 முதல் 5.30 வரை 14 வயதுக்குட்பட்டவர்கள். 5.30 முதல் 8.45 வரை பெரியவர்கள். வாரம் இரண்டு நாள் 5.30 முதல் 6.45 வரை பெண்களுக்கு. சிறுவர் நேரம்தான் முதலில் பறிபோகும். ஐந்து மணிக்கே அண்ணன்மார் வந்து கோட்டோரம் நிற்க ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பொடிசுகள் தாமாக விலகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரமும் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும், முறை வைத்துக்கொள்ளலாம். கூட்டமான நாளில் 25 புள்ளிக்குப் பதில் 15 புள்ளி செட். ஜெயித்த அணியும் தொடர்ந்து இரண்டு ஆட்டத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இது இல்லாவிட்டால் நன்றாக ஆடும் ஆறு பேருக்கே களம் சொந்தமாகும்.

பந்தல் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். காதுகுத்து, பொதுக்கூட்டம், கச்சேரி எதற்குக் கேட்டாலும் குழி தோண்டுவது 24-க்கு 15 எல்லைக்கு வெளியே மட்டும். ஜெனரேட்டர் வண்டியும் பாத்திர லாரியும் மண்மேல் ஏறக் கூடாது. ஈரக் களத்தில் ஒரு லாரி ஏறி இறங்கினால் அந்தத் தடத்தை எடுக்க அந்த இடத்தை ஓரடி கொத்திப் புதிதாக இறுக்க வேண்டியிருக்கும், மேலே மண் தூவினால் மறுபடி உள்வாங்கும். முன்பணம் வாங்கி வையுங்கள், உள்ளூர்ப் பெரிய மனிதராக இருந்தாலும்.

வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்து உருட்டல், மாதம் ஒருமுறை வாய்க்காலில் மண் வாரல். முதல் பருவமழையின்போது குடையோடு போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து முளை அடித்து அடையாளம் வையுங்கள். காய்ந்த பிறகு அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. தேங்கும் இடத்தை ஓரங்குலம் கொத்திவிட்டு, தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருக்கும் செம்மண்ணைப் போட்டு நனைத்து உருட்டுங்கள். கொத்தாமல் மேலே கொட்டிய மண் ஒட்டாமல் பெயர்ந்து வரும். அடைமழை நாட்களில் வலையைக் கழற்றிப் பெட்டிக்குள் போடும்போது பூச்சிக்காக வேப்பிலை ஒரு கொத்து கூடப் போடுங்கள். எலிக்கு வேப்பிலை தடையில்லை என்பதால் பெட்டியில் துளை இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள்.